மதம் வேற வேறன்னா சொத்து யாருக்கு? அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) கிடையாது, வக்கீலும் கிடையாது. சொந்தக்காரங்களுக்கும் தெரிஞ்சவங்களுக்கும் பேப்பர்ல பங்கு கணக்கு போட்டுக் குடுத்து குடுத்து பழகிட்டேன், அவ்ளோதான். அதுல ரொம்ப சிக்கலா வர்றது, குடும்பத்துல ஒருத்தர் முஸ்லிம் இன்னொருத்தர் முஸ்லிம் இல்லங்கிற கேஸ்தான். ஒரே கேள்விய பத்து பேர் பத்து விதமா கேக்குறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு. படிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, மார்க்கம் என்ன சொல்லுதுங்கிறது ஒரு கேள்வி, நீங்க இருக்கற நாட்டோட கோர்ட் என்ன சொல்லும்ங்கிறது வேற கேள்வி, ரெண்டையும் கலந்துட்டீங்கன்னா குழப்பம் தீரவே தீராது.

முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதவரும் ஒருத்தருக்கு ஒருத்தர் வாரிசு ஆவாங்களா? நேரடியா சொல்லுங்க.

சுன்னி மத்ஹப் (சட்டப் பிரிவு) நாலுலயும் பொதுவான பதில், ஆக மாட்டாங்க. ஆதாரம் நபித் தோழர் உஸாமா பின் ஸைத் அறிவிக்கிற ஹதீஸ் (நபி சொன்னதா வர்ற செய்தி). முஸ்லிம் காஃபிருக்கு (முஸ்லிம் அல்லாதவருக்கு) வாரிசாக மாட்டார், காஃபிர் முஸ்லிமுக்கு வாரிசாக மாட்டார்னு வரும், புகாரி, முஸ்லிம்ங்கிற ஹதீஸ் தொகுப்பு ரெண்டுலயும் இருக்கு. குர்ஆன்ல பங்கு சொல்ற 4:11, 4:12 ஆயத்துகள்ல (வசனங்கள்ல) மதம் பத்தி நேரடியா ஒண்ணும் இல்ல, இந்த நிபந்தனை ஹதீஸ்ல இருந்துதான் வருது.

இதுக்கு நபி வீட்டுலயே ஒரு உதாரணம் இருக்கு. நபியோட பெரியப்பா அபூதாலிபுக்கு தாலிப், அகீல், ஜஃபர், அலின்னு நாலு பசங்க. அவர் மௌத்தானப்போ (இறந்தப்போ) ஜஃபரும் அலியும் முஸ்லிம், மத்த ரெண்டு பேரும் இல்ல. சொத்து அகீலுக்கும் தாலிபுக்கும்தான் போச்சு. பல வருஷம் கழிச்சு நபி மக்காவுக்கு வந்தப்போ, உங்க வீட்டுலயா தங்கப் போறீங்கன்னு உஸாமா கேக்குறார், அதுக்கு நபி, அகீல் நமக்கு ஏதாச்சும் வீடு விட்டு வச்சிருக்காரான்னு கேட்டாங்க. அந்த ஒரு வார்த்தையில எவ்ளோ இருக்குன்னு பாருங்க, சொந்த ஊருக்கு வந்து நிக்கிறாங்க, தங்க ஒரு வீடு இல்ல.

எந்த நேரத்து மதத்த பாக்கணும்? பொறந்தப்பவா, இப்பவா?

உயிர் போன அந்த நேரம். அதுக்கு முன்னாடி முப்பது வருஷம் என்னவா இருந்தார்ங்கிறது கணக்குல வராது.

சரி, அப்பா முஸ்லிமா மௌத்தாயிட்டார், மகன் அப்போ முஸ்லிம் இல்ல, ஆனா சொத்து பிரிக்கறதுக்கு முன்னாடி கலிமா சொல்லி முஸ்லிமாயிட்டான், அப்போ? பெரும்பான்மை ஆலிம்கள் கிடையாதுன்னுதான் சொல்றாங்க, உரிமை மௌத்து நேரத்துலயே முடிவாயிடுச்சுன்னு. ஹன்பலி மத்ஹப்ல பிரபலமான கருத்து வேற, பிரிக்கறதுக்கு முன்னாடி இஸ்லாத்துக்கு வந்துட்டா பங்கு உண்டு. ஷீஆ சட்டத்துலயும் கிட்டத்தட்ட அப்படித்தான். சொத்து ஆசையில கலிமா சொன்னானோன்னு பின்னாடி பேசுவாங்க, பேசட்டும், மனச கிழிச்சுப் பாக்குற வேலை நம்மளுது இல்ல.

நான் முஸ்லிமா மாறிட்டேன், எங்க அப்பா மாறல. அவர் சொத்துல எனக்கு வர்றத வாங்குனா ஹராமா?

ரொம்ப அதிகமா வர்ற கேள்வி இதுதான். கேக்குறவங்க பாதிப் பேர் ஏற்கனவே யாரோ ஹராம்னு சொல்லி பயந்துபோய்தான் வர்றாங்க.

நாலு மத்ஹப்போட பொது விதிப்படி, வாரிசுங்கிற பேர்ல வாங்கக் கூடாது. ஆனா இதுல ஆரம்பத்துல இருந்தே கருத்து வேறுபாடு இருக்கு, அத யாரும் சொல்றதில்ல. முஸ்லிம் வாங்கலாம், குடுக்க வேண்டியதில்லங்கிறது நபித் தோழர் முஆத் பின் ஜபலோட கருத்து, இஸ்லாம் கூட்டும் குறைக்காதுங்கிறத அவர் ஆதாரமா சொன்னதா அபூதாவூத் ஹதீஸ் தொகுப்புல வருது. கலீஃபா முஆவியா ஆட்சியில இதையே உத்தரவாவும் போட்டாங்க. காழி (நீதிபதி) ஷுரைஹ் அதுப்படி தீர்ப்பு சொல்லிட்டு, இது அமீருல் முஃமினீனோட (கலீஃபாவோட) தீர்ப்புன்னு சேத்து சொல்வாராம், அதாவது என் கருத்து இல்லப்பா மேலிடத்து உத்தரவுன்னு. அப்புறம் பின்னாடி வந்த கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் வந்து பழைய நிலைக்கே மாத்திட்டார்.

பின்னாடி வந்த ஆலிம்கள் இப்னு தைமிய்யாவும் இப்னுல் கய்யிமும் முஆதோட பக்கம் சாஞ்சாங்க. ஹதீஸ்ல சொன்ன காஃபிர் சண்டைக்கு நிக்கிறவன், சமாதானமா கூட இருக்கறவங்க இதுல வர மாட்டாங்கன்னு அவங்க வாதம். இன்னொண்ணும் சொன்னாங்க, அப்பா சொத்து போயிடும்ங்கிற பயத்துலயே பல பேர் இஸ்லாத்துக்கு வராம நிக்கிறாங்கன்னு. நம்ம காலத்துல 1997ல ஆரம்பிச்ச ஐரோப்பிய ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) ஆய்வு கவுன்சிலும் வாங்கலாம்னுதான் சொல்லியிருக்கு.

இதுல சண்டையே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. அப்பா உயிரோட இருக்கும்போதே எழுதிக் குடுத்தாலோ, உயில்ல உங்க பேர போட்டாலோ, அது வாரிசுரிமையில வராது, அன்பளிப்பு அல்லது வஸிய்யத் (உயில்ல எழுதிக் குடுக்கறது) ஆகும். முஸ்லிம் அல்லாதவர் குடுக்குற அன்பளிப்பையும் வஸிய்யத்தையும் வாங்கறதுல தடை இல்ல. கூடப் பொறந்தவங்க, நாட்டு சட்டப்படி எங்களுக்கு வந்ததுல இது உன்னோடதுன்னு மனசார குடுத்தாலும் சரிதான்.

ஷீஆ சட்டமும் இப்படித்தானா?

இல்ல. ஜஃபரி சட்டத்துல முஸ்லிம் அல்லாதவர் முஸ்லிமுக்கு வாரிசாக மாட்டார், ஆனா முஸ்லிம் அவங்களுக்கு வாரிசாவார். அதோட நிக்காது, ஒரு முஸ்லிம் வாரிசு இருந்தாலே முஸ்லிம் அல்லாத வாரிசுகள தள்ளிட்டு அவருக்குத்தான் முழுசும். கேக்க நமக்கு கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கு.

மனைவி கிறிஸ்தவங்க. நிக்காஹ் செல்லும்னு சொன்னாங்க, அப்போ சொத்தும் உண்டுதானே?

நிக்காஹ் செல்லும், சொத்து வராது. வேதக்காரப் (யூத, கிறிஸ்தவ) பெண்ண முடிக்கலாம்னு குர்ஆன் 5:5ல இருக்கு, ஆனா வாரிசுரிமை வேற கணக்கு. கணவன் போனா மனைவிக்கு பங்கு இல்ல, மனைவி போனா கணவனுக்கும் இல்ல.

ஆனா வெறுங்கையா அனுப்பிடலாம்னு நெனைக்காதீங்க. குடுக்காம பாக்கி வச்ச மஹர் (கல்யாணத்துக்காக கணவன் மனைவிக்கு குடுக்க வேண்டியது) கடன். சொத்துல முதல்ல கஃபன் தஃபன் (அடக்கம் பண்ற) செலவு, அப்புறம் கடன், அப்புறம் வஸிய்யத், அதுக்கப்புறம்தான் வாரிசு பங்கு. அதனால மஹர் பாக்கிய அவங்க வாரிசுகளுக்கு முன்னாடியே வாங்கிட்டுப் போவாங்க. அவங்க பேர்ல இருக்கற சொத்து, அவங்க போட்ட பணம், அவங்க நகை எதுவும் மய்யித்தோட (இறந்தவரோட) சொத்தே இல்ல, அத தொடவே கூடாது. நான் பாத்த ஒரு வீட்டுல பீரோவ தொறந்து எல்லா நகையையும் மேசையில கொட்டி எடை போட ஆரம்பிச்சுட்டாங்க, அந்தம்மா தன்னோட அம்மா வீட்டு வளையல கையில எடுத்துட்டு ஒரு வார்த்தை பேசாம நின்னாங்க. யாரோ ஒரு பெரியவர்தான், அது அவங்களுது எடுத்து தனியா வைங்கன்னு சத்தம் போட்டார்.

அந்தப் பிள்ளைங்களுக்கு?

வயசு வராத பிள்ளை பெத்தவங்கள்ல முஸ்லிமா இருக்கறவர் பக்கம்தான்னு பெரும்பாலான மத்ஹப் சொல்லுது, அதனால முஸ்லிம் அப்பா சொத்துல பங்கு உண்டு. கிறிஸ்தவ அம்மா சொத்துன்னு வரும்போது மறுபடியும் பொது விதிதான், மேல முஸ்லிமா மாறாத அப்பாவோட சொத்து பத்தின கேள்விக்கு சொன்னதெல்லாம் இதுக்கும் பொருந்தும்.

முஸ்லிம் இல்லாத வாரிசு மத்தவங்க பங்க குறைப்பாரா?

பெரும்பான்மை கருத்துப்படி அவர் அங்க இல்லாத மாதிரியே வச்சு கணக்கு போடணும், தானும் வாங்க மாட்டார் யாரையும் தடுக்கவும் மாட்டார். நபித் தோழர் இப்னு மஸ்ஊத் மட்டும் வேற சொன்னார், தனக்கு இல்லைன்னாலும் மத்தவங்க பங்க கொறைப்பார்னு.

கணக்காவே பாப்போம். இஸ்லாத்துக்கு வந்த ஒருத்தர் மௌத்தாயிட்டார். மனைவியும் ஒரே மகளும் முஸ்லிம், அம்மா அப்பா முஸ்லிம் இல்ல. செலவு கடன் எல்லாம் போக 24 லட்சம் இருக்குன்னு வைங்க. அம்மா அப்பாவும் முஸ்லிமா இருந்திருந்தா மனைவிக்கு எட்டுல ஒண்ணு 3 லட்சம், மகளுக்கு பாதி 12, அம்மாவுக்கு ஆறுல ஒண்ணு 4, அப்பாவுக்கு ஆறுல ஒண்ணும் மிச்சமும் சேத்து 5. சரியா 24. அம்மா அப்பா வாரிசு இல்லைன்னு ஆயிட்டதால இப்போ மனைவிக்கு அதே 3, மகளுக்கு 12, மிச்சம் 9 நிக்குது. வேற முஸ்லிம் ஆண் சொந்தம், அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி யாரும் இல்லைன்னா ரத்துங்கிற (மிச்சம் பங்குதாரருக்கே திரும்புற) முறையில அந்த 9ம் மகளுக்கே திரும்பிடும், மகளுக்கு 21.

இப்போ அவர் சாகறதுக்கு முன்னாடி மூணுல ஒரு பங்கு அம்மா அப்பாவுக்குன்னு வஸிய்யத் எழுதியிருந்தா என்ன ஆகும்? 8 லட்சம் அவங்களுக்கு. மிச்சம் 16ல மனைவிக்கு 2, மகளுக்கு 14. பெத்தவங்க முஸ்லிமா இருந்தா 9 கெடச்சிருக்கும், வஸிய்யத்துல 8 கெடைக்குது. ஒரு லட்சம்தான் வித்தியாசம்! எழுதலைன்னா பூஜ்யம். இந்தக் கணக்க நான் போட்டுக் காட்டுனா வர்றவங்க கொஞ்ச நேரம் பேசாம பேப்பரையே பாத்துட்டு இருப்பாங்க.

முஸ்லிம் இல்லாதவங்களுக்கு வஸிய்யத் எழுதலாமா? கூடாதுன்னு கேள்விப்பட்டேனே.

வாரிசுக்கு வஸிய்யத் கிடையாதுன்னு ஹதீஸ் இருக்கு, அதத்தான் கேள்விப்பட்டிருப்பீங்க. மதம் வேறங்கிறதால அவங்க வாரிசே இல்லயே, அதனால அந்தத் தடை அவங்களுக்கு இல்ல. பூட்டு போட்ட கதவே இங்க சாவியாவும் ஆகுது.

நபியோட மனைவி ஸஃபிய்யா யூத குடும்பத்துல பொறந்தவங்க. அவங்க ஒரு லட்சம் திர்ஹம் மதிப்புக்கு சொத்து விட்டுட்டுப் போனாங்க, அதுல மூணுல ஒண்ணு யூதரா இருந்த அக்கா தங்கச்சி மகனுக்குன்னு வஸிய்யத் பண்ணியிருந்தாங்கன்னு வரலாறு எழுதுன இப்னு ஸஅத் சொல்லியிருக்கார். குடுக்க தயங்குனாங்க, நபியோட இன்னொரு மனைவி ஆயிஷாதான் ஆள் அனுப்பி, அல்லாஹ்வுக்கு பயந்து அவருக்குரிய வஸிய்யத்த குடுங்கன்னு சொன்னாங்க. இத விட என்ன ஆதாரம் வேணும்.

அளவு மூணுல ஒண்ணு. அதுக்கு மேல எழுதுனா வாரிசுங்க சம்மதிக்கணும், ஹனஃபி சட்டப்படி அந்த சம்மதம் அவர் மௌத்தான பிறகு வாங்குனாத்தான் செல்லும். சும்மா உயிரோட இருக்கும்போது எல்லாரும் தலையாட்டுனாங்கங்கிறது போதாது. 2:180 ஆயத்துல பெத்தவங்களுக்கும் நெருங்குன சொந்தங்களுக்கும் வஸிய்யத் பண்ணச் சொல்லி வருதே, வாரிசு ஆகாத சொந்தங்களுக்கு இது இன்னும் கடமைன்னு இப்னு ஹஸ்ம் மாதிரி சில ஆலிம்கள் சொன்னாங்க. பெரும்பான்மை கடமைன்னு சொல்லல, நல்லதுன்னுதான் சொல்றாங்க. என்னைக் கேட்டா, பெத்த தாய் வேற மதத்துல இருக்கான்னு தெரிஞ்சும் எழுதாம போறவங்கள பாத்தா எனக்கு கோவம்தான் வருது.

வஸிய்யத்துக்கு பதிலா இப்பவே குடுத்துட்டா?

அது ஹிபா (உயிரோட இருக்கும்போது குடுக்குற அன்பளிப்பு), அளவு வரம்பு இல்ல. குடுக்கறேன்னு சொல்லணும், வாங்கறவர் ஏத்துக்கணும், பொருள் கை மாறணும். மூணாவதுலதான் எல்லாரும் மாட்டுறாங்க. வீட்ட அம்மாவுக்கு ஹிபா பண்ணிட்டேன்னு எழுதிட்டு வாடகைய தானே வாங்கிட்டு சாவியையும் தானே வச்சிருந்தா, நாளைக்கு கோர்ட்ல நிக்காது. சாவுப் படுக்கையில குடுத்ததும் ஹிபாவா நிக்காது, வஸிய்யத் மாதிரி மூணுல ஒண்ணுக்குள்ளதான் செல்லும்.

என் பக்கம் யாருமே முஸ்லிம் இல்ல, நான் மட்டும்தான். அப்போ என் சொத்து?

பொது விதிப்படி பைத்துல் மாலுக்கு (பொதுக் கருவூலத்துக்கு) போகும். ஹனஃபி மத்ஹப்ல ஒரு பெரிய வசதி இருக்கு, வாரிசே இல்லாதவர் மூணுல ஒண்ணு இல்ல முழுசையும் வஸிய்யத் பண்ணலாம். ஷாஃபி மத்ஹப்ல பைத்துல் மாலே வாரிசு மாதிரிங்கிறதால இது நடக்காது. தனியா இஸ்லாத்துக்கு வந்தவங்க முதல் வேலையா ஒரு பேப்பர் எழுதி வச்சிடணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதனாலதான்.

இஸ்லாத்த விட்டுட்டுப் போனவரோட சொத்து?

அவர் யாருக்கும் வாரிசாக மாட்டார். அவர் செத்தா அவர் சொத்து? ஷாஃபி, மாலிகி, ஹன்பலி சட்டத்துல பைத்துல் மாலுக்கு. ஹனஃபி மத்ஹப்போட இமாம் அபூஹனீஃபா ரெண்டா பிரிச்சார், முஸ்லிமா இருந்தப்போ சம்பாதிச்சது முஸ்லிம் வாரிசுங்களுக்கு, விட்டுட்டுப் போனப்புறம் சம்பாதிச்சது பைத்துல் மாலுக்கு. அவரோட மாணவர்கள் அபூயூசுஃபும் முஹம்மதும் எல்லாமே முஸ்லிம் வாரிசுங்களுக்குன்னாங்க. இது புஸ்தகத்துல இருக்கற சட்டம், பெரும்பாலான நாட்டு கோர்ட்ல இது இப்படியே நடக்கறதில்ல.

கோர்ட்டுக்குப் போனா என்ன சொல்வாங்க?

எந்த நாடுங்கிறதுதான் எல்லாமே. எகிப்துல 1943ஆம் வருஷ 77ஆம் எண் சட்டத்தோட 6ஆவது பிரிவு, முஸ்லிமுக்கும் முஸ்லிம் அல்லாதவருக்கும் நடுவுல வாரிசுரிமை இல்லைன்னு நேராவே எழுதியிருக்கு. துனிசியாவோட 1956 குடும்பச் சட்டம் கொலைய மட்டும்தான் தடையா பேர் சொல்லுது, மதத்த சொல்லல, அத வச்சு அங்க வருஷக்கணக்கா வழக்கு நடந்துச்சு. இந்தோனேசியா வழி எனக்கு ரொம்ப பிடிச்சது, கிறிஸ்தவரா மாறுன மகளுக்கு வாரிசு பங்கு இல்லதான், ஆனா கட்டாய வஸிய்யத்ங்கிற பேர்ல மகளுக்குரிய அளவு குடுங்கன்னு அங்க உச்ச நீதிமன்றம் 1995 வழக்குல சொல்லிடுச்சு. அப்பா எழுத மறந்தத கோர்ட்டே எழுதிக் குடுத்த மாதிரி.

இந்தியாவுல பெரும்பாலான இடத்துல செத்தவர் எந்த மதமோ அந்தச் சட்டம். ஹிந்து அப்பா செத்தா 1956 ஹிந்து வாரிசுரிமைச் சட்டம். அதுல 26ஆவது பிரிவுல தடை, மதம் மாறுனவருக்கு அப்புறம் பொறந்த பிள்ளைங்களுக்குத்தான், மாறுன மகனுக்கோ மகளுக்கோ இல்ல. அந்தப் பிள்ளைங்களும் அந்தச் சொந்தக்காரர் சாகும்போது ஹிந்துவா இருந்தா தடை இல்ல. இன்னொண்ணு பலருக்குத் தெரியாது, முஸ்லிம் ஒருத்தர் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துல கல்யாணம் பண்ணா அவர் சொத்து ஷரீஅத் கணக்குல பிரியாது, 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படிதான் பிரியும், அப்போ மனைவி என்ன மதம்ங்கிற கேள்வியே வராது.

மலேசியாவுல மதம் மாறுனவர் பழைய கல்யாணம் ரத்தாகாமலே செத்துட்டா, மாறறதுக்கு முன்னாடி சேந்து வாங்குன சொத்துல முஸ்லிம் அல்லாத மனைவியும் பிள்ளைங்களும் கேக்கலாம்னு 2018 டிசம்பர்ல இருந்து அங்க திருமணம் விவாகரத்துச் சட்டத்தோட 51அ பிரிவு நடைமுறையில இருக்கு. அதுக்கு முன்னாடி எத்தன பேர் வீட்ட விட்டுட்டு கைய வீசிட்டு போயிருப்பாங்க.

எல்லாம் முடிஞ்சு போச்சு. வஸிய்யத் இல்ல, ஹிபா இல்ல, மாமியார் (செத்தவரோட அம்மா) ஹிந்து, வயசானவங்க. ஒண்ணுமே பண்ண முடியாதா?

முடியும். சூரா நிஸா 4:8 எடுத்துப் பாருங்க. பங்கு பிரிக்கற இடத்துக்கு சொந்தக்காரங்களும் அநாதைகளும் ஏழைகளும் வந்தா அவங்களுக்கும் அதுல இருந்து குடுங்க, நல்ல வார்த்தை பேசுங்கன்னு வருது. வாரிசுங்க வாங்கிட்டு தங்களோட பங்குல இருந்து எவ்ளோ வேணும்னாலும் குடுக்கலாம், உங்க பணம் உங்க இஷ்டம், அதுல மூணுல ஒண்ணு வரம்பெல்லாம் இல்ல. நபித் தோழர் உமர் தனக்கு வந்த ஒரு உடைய மக்காவுல இருந்த, இன்னும் முஸ்லிமாகாத தன்னோட சகோதரருக்கு அனுப்பி வச்சார்னு புகாரில இருக்கு.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, வாரிசுல வயசு வராத பிள்ளை இருந்தா அது பங்குல இருந்து யாரும் எடுத்துக் குடுக்க முடியாது, அம்மாவா இருந்தாலும் சரி. குடுக்கறது பெரியவங்க பங்குல இருந்துதான் இருக்கணும். மொதல்ல பிரிச்சு எழுதிக்கோங்க, அவரவர் பங்கு கைக்கு வரட்டும், அப்புறம் மாமியார்கிட்ட உக்காந்து பேசுங்க.